இரண்டாங்கட்டு அறையும் குப்பைத்தொட்டியும்

கானாடுகாத்தான்
வெள்ளிக்கிழமை இரவு

அன்புள்ள நண்பா,

இங்கு நலம். அங்கு அனைவரும் நலந்தானே? உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, வெட்கம். ஐயாவின் (தாத்தாவின்) ரங்கூன் கணக்குப் பேரேடுகளைப் படமெடுக்கும் வேலை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டிருந்தாய். ஏறக்குறைய முடிந்திருந்தது. அதில் 214 பக்கங்களை நானே அழித்துவிட்டேன்.

சிரிக்காமல் கேள். மெமரி கார்டை மாற்றும்போதெல்லாம் 0001இலிருந்து எண் போடும்படி கேமராவை அமைத்து வைத்திருந்தேன். அதனால் பேரேட்டுப் பக்கமும் வட்டிக் கணக்கெழுதிய வட்டிச்சிட்டைப் பக்கமும் வெவ்வேறு கோப்புறைகளில் ஒரே பெயரோடு கிடந்தன. வெளி வட்டில் இடம் தீர்ந்துவருகிறதே என்று, இரட்டையாக இருப்பவற்றைக் கழிக்கப் பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன். அது பெயரை மட்டும் பார்த்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. ஐயா பெயரையே பேரனுக்கு வைத்து, ஒரு வளவுக்குள், பங்காளிகள் சேர்ந்திருக்கும் வீட்டுக்குள், நாலு பேர் ஒரே பெயரில் நடமாடுகிற ஊரில் பிறந்தவன் எழுதுகிற நிரலா இது?

பதறிப்போய்க் குப்பைத்தொட்டியைத் திறந்தால் காலி. திரையில் ஒரு கோப்பைத் தேர்ந்து அழித்தால் தொட்டிக்குப் போகும். நிரலிலிருந்து ஓஎஸ்.ரிமூவ் என்று அழிக்கும் கட்டளையைச் சொன்னால் தொட்டி என்ற பேச்சே கிடையாது. கோப்பின் பெயர் நீங்கும், அது இருந்த இடம் காலிமனையாகக் குறிக்கப்படும். அடுத்து வருபவர் குடியேறும்வரை பழைய எழுத்து அங்கேயே கிடக்கும். நான் வட்டை உடனே கழற்றிவிட்டதால், ஃபோட்டோரெக் என்ற மீட்பு மென்பொருளைக் கொண்டு 170 படங்களைத் திரும்பப் பெற்றேன். ஆனால் அது உள்ளடக்கத்தைத் தேடி எடுப்பது, பழைய பெயரைத் தராது. எந்தப் பக்கம் எந்தப் பேரேட்டுக்கு உரியது என்று தலைப்பில் உள்ள விலாசத்தை, அதாவது கடையின் பெயர்க்குறியை, பார்த்துப் பார்த்து அடுக்குகிறேன். கண் எரிகிறது.

இந்தக் கூத்துக்குப் பிறகுதான் சென்ட்2டிராஷ் என்ற நிரலகம், நம் நிரலில் சேர்த்துக்கொள்ளப் பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல், கண்ணில் பட்டது. விர்ஜில் டூப்ரா என்பவர் எழுதியது. இரட்டைக் கோப்புகளைத் தேடித்தரும் டியூப்குருவும் அவருடையதே. நான் சொதப்பிய அதே வேலையைச் செய்யும் மென்பொருள், அதற்குள்ளே இந்த நிரலகம்! அழிக்கும் வரியில் ஓஎஸ்.ரிமூவுக்குப் பதில் இதன் பெயரைப் போட்டால் போதும், கோப்பு அந்தந்த இயங்குதளத்தின் சொந்தத் தொட்டிக்குப் போய்விடும். விண்டோஸானாலும் மேக்கானாலும் லினக்ஸானாலும் நான் எழுதுவது ஒரே வரிதான். தொட்டியில் போட அனுமதி இல்லையென்றால் பிழை என்று சொல்லி நின்றுவிடும், சத்தமில்லாமல் அழிக்காது. எனக்குப் பிடித்ததே அந்த முரண்டுதான்.

லினக்ஸ் தொட்டியைத் திறந்து பார்த்தேன். ஃபைல்ஸ், இன்ஃபோ என்று இரண்டு அறைகள். முதலாவதில் கோப்பு. இரண்டாவதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு: எங்கிருந்து வந்தது, எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு. சீட்டை முதலில் எழுதிவிட்டுத்தான் கோப்பை நகர்த்த வேண்டும் என்று, லினக்ஸ் திரைகளுக்குப் பொது விதி எழுதும் ஃப்ரீடெஸ்க்டாப் வகுத்த விதியே சொல்கிறது. விண்டோஸிலும் ஒவ்வொரு கோப்புக்கும் இப்படி ஒரு சீட்டு உண்டு. எனக்கு ஆயா (பாட்டி) நினைவு வந்துவிட்டது. கல்யாண வீட்டுக்கு ஓர் அண்டா இரவல் போனாலும், சிட்டையில் ஏறாமல் நிலைப்படி தாண்டாது. வேண்டாத மங்குச் சாமானையும் (பீங்கான் பூச்சுப் பாத்திரம்) உடனே விலைக்குப் போடமாட்டார்கள். வீட்டின் இரண்டாவது முற்றத்தை ஒட்டிய இரண்டாங்கட்டு அறைக்கு இறக்கிவைப்பார்கள். விற்பதா வேண்டாமா என்பது பங்காளிகள் எல்லோரும் ஊருக்கு வரும்போது பேசி முடிவாகும்.

போன கடிதத்தில் நீ எழுதியிருந்தாய், தொட்டியில் போட்டால் இடம் மிச்சமாகாது, அழிப்பதென்றால் ஒரேயடியாக அழித்துவிட வேண்டும் என்று. இடம் மிச்சமாகாது, உண்மை. வெளி வட்டில் அழித்ததும் அந்த வட்டிலேயே, புள்ளியில் தொடங்கும் பெயரோடு மறைந்திருக்கும் ஒரு கோப்புறையில் கிடக்கிறது. ஆனால் வேண்டாமென்று ஒதுக்குவது ஒரு வேலை, துடைத்து எறிவது வேறு வேலை. முதலாவதை நிரல் செய்யட்டும். இரண்டாவதை நான், பகலில், காபி குடித்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு செய்கிறேன். பழைய கணினியை விற்கும்போது வங்கிக் கணக்குகளை மீட்க முடியாதபடி அழிப்பது மூன்றாவது கதை. தொட்டியில் போடுவதைப் போலவே அதையும் பாதுகாப்பான அழிப்பு என்றே சொல்லித் தொலைக்கிறார்கள். அதற்கு இந்த நிரலகம் உதவாது. நகல் எடுத்து வைப்பதற்கும் இது ஈடாகாது. வட்டே போனால் தொட்டியும் சேர்ந்து போகும். ஆகவே இப்போது இரண்டு வட்டு, ஒன்று மகன் வீட்டில்.

மற்றபடி, மழை பிடித்துக்கொண்டது. பட்டாலைக் கூடத்தில் ஓரிடத்தில் ஒழுகுகிறது, ஓடு மாற்ற ஆள் சொல்லியிருக்கிறேன். மேலவீட்டில் தேக்குத் தூண்களைப் பெயர்த்துக் காரைக்குடிக்கு விலைக்கு ஏற்றிவிட்டார்கள். இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

மீளாத 44 பக்கங்களுக்கு மூலப் பேரேடுகளையே மறுபடி படமெடுக்க வேண்டும். அந்தப் பேரேடுகளில் ஒன்று உன் அப்பச்சி வாங்கிப் போனது, உங்கள் வீட்டுப் பெரிய பெட்டகத்தில்தான் இருக்க வேண்டும். தைப்பொங்கலுக்குப் பல்லவன் ரயிலில் வருவாய் அல்லவா, சாவியை மறந்துவிடாதே. போன முறை மறந்தாய்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்