கல் இல்லை, பலகை

ஆசிரியருக்கு,

வணக்கம். மகளைப் பார்க்க அமெரிக்கா போனபோது, வர்ஜீனியாவில் ஜார்ஜ் வாஷிங்டன் வாழ்ந்த மவுண்ட் வெர்னான் மாளிகையைப் பார்த்தேன். வெளிச்சுவர் வெள்ளைக் கல் என்றே நினைத்தேன். கிட்டே போனால் மரப்பலகை! ஈரப் பெயிண்டில் மணல் தூவிக் கல்போல் காட்டியிருக்கிறார்கள். நாற்பது வருஷம் இழைப்புளி பிடித்த நானே ஏமாந்துவிட்டேன்.

கூடத்தில், வாஷிங்டனோடு சேர்ந்து போரிட்ட பிரெஞ்சுத் தளபதி லஃபாயெத் அனுப்பிய சாவி தொங்குகிறது; பிரெஞ்சுப் புரட்சியில் வீழ்ந்த பாரிஸின் பாஸ்டில் சிறைச்சாவி அது. கூட்டம் எல்லாம் அங்கேதான். வாஷிங்டன் கல்லறைக்குச் சற்றுத் தள்ளி, மரநிழலில் அடிமைகளின் இடுகாடு. பெயர் பொறித்த கல் ஒன்றுகூட இல்லை. 1799இல் அந்தப் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். பயணக் கட்டுரைகள் வெளியிடும்போது, வீட்டின் படத்தோடு அந்த மரநிழலையும் ஒருமுறை போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சர் ஒருவர்