வாசிகசாலைச் சுவரில் எட்டு மட்டைகள்: ஒரு நன்றி மடல்

அன்புள்ள தோட்டத்து உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

நம் வாசிகசாலைச் சுவரில் மலையகத் தோட்டத் தொழிலாளர் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமானின் தேர்தல் வரலாற்றை எட்டுக் கடதாசி மட்டைகளில் எழுதி மாட்டி ஒரு வாரமாகிறது. ஆணி அடித்தவன் நான் என்பதால் பார்க்கிறவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள். கூச்சமாக இருக்கிறது. யார் யார் என்ன செய்தார்கள் என்பது ஊருக்குத் தெரியட்டும் என்றுதான் இந்த மடல். பெயர் போடக் கூடாது என்று பலர் சொல்லிவிட்டதால் ஆளை மட்டும் சொல்கிறேன். வாசிக்கிறவர்களுக்கு யாரென்று புரிந்துவிடும்.

தொடங்கும்போது இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன். முதல் மட்டையில் 1947 என்று எழுதினேன். இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் நுவரெலியாவில் தொண்டமான் வென்ற ஆண்டு. அதே தேர்தலில் தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் குமாரவேலு, மஸ்கெலியாவில் மோத்தா, நாவலப்பிட்டியில் இராஜலிங்கம் என்று நம்மவர்கள் வரிசையாக வந்தார்கள். எழுதக் கை நிறைய விஷயம் இருந்தது. அடுத்த மட்டையில் 1952 என்று எழுதிவிட்டுப் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். போடுவதற்கு ஒன்றுமில்லை. அவர் மக்கள் வாக்கில் மறுபடி வென்றது 1977இல். நடுவில் முப்பது ஆண்டு. 1960இலும் 1965இலும் அவர் பாராளுமன்றத்தில் இருந்தது, மக்கள் வாக்கில் வெல்லாமல் நியமிக்கப்பட்ட உறுப்பினராக. 1970இல் அதுவும் இல்லை. சரி, நடுவில் உள்ளதை விட்டுவிடலாம், 1947ஐயும் 1977ஐயும் பெரிய எழுத்தில் போட்டு முடித்துவிடலாம் என்று முடிவுசெய்தேன்.

அதைத் தடுத்தது மேல் டிவிஷனிலிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போயிருக்கும் பிள்ளை. “ஏன் சேர் நடுவுல காணோம்னு சின்னப் பிள்ளைகள் கேப்பாங்களே, என்ன சொல்லுவீங்க?” என்றாள். அடுத்த விடுமுறைக்கு வரும்போது 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், அதே ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் மூன்றையும் பிரதியெடுத்துக் கொண்டுவந்தாள். முதல் சட்டத்தால் இந்திய வம்சாவளியினரான நம்மில் பெரும்பாலோர் குடிமக்கள் இல்லை என்றானது. இரண்டாவது, விண்ணப்பித்துக் கெஞ்சச் சொன்னது. மூன்றாவது, குடிமகன் இல்லாதவனுக்கு வாக்கில்லை என்றது. 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து நம்மவர் ஒருவரும் வரவில்லை. பிரதமர் அலுவலகத்தின் முன் உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்ததுதான் அந்த ஆண்டின் கணக்கு. இப்போது எட்டு மட்டைகளில் எழுத்து நெருக்கி இருப்பது அந்த மட்டைதான். நன்றி, மகளே.

அடுத்து, தேர்தல் கடமையில் பல ஆண்டு இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். 1977 மட்டையை நான் பெருமையோடு அவரிடம் நீட்டினேன். நாடு முழுவதும் தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரசுக்கு 62,707 பேர் வாக்களித்தார்கள், அக்கட்சிக்குக் கிடைத்தது ஓர் ஆசனம் என்று எழுதியிருந்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “பேர் இல்லை தம்பி, வாக்கு” என்றார். எனக்குப் புரியவில்லை. பொறுமையாகச் சொன்னார். நுவரெலியா–மஸ்கெலியா அப்போது மூன்று உறுப்பினர் தொகுதி. ஒவ்வொரு வாக்காளருக்கும் மூன்று வாக்கு. மூன்று பேருக்குப் பிரித்தும் போடலாம், மூன்றையும் ஒருவருக்கே கொட்டியும் விடலாம். ஆகவே எண்ணிக்கையில் உள்ளது தலை அல்ல, வாக்குச்சீட்டில் போடும் புள்ளடி. அங்கே முதலில் வந்தவர் ஐக்கிய தேசியக் கட்சியின் (ஐ.தே.க.) காமினி திசாநாயக்க, இரண்டாவது சுதந்திரக் கட்சியின் அநுர பண்டாரநாயக்க, மூன்றாவதாகத் தொண்டமான். தனி உறுப்பினர் தொகுதியாக இருந்திருந்தால் மூன்றாமிடம் தோல்விதானே. பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் கொஞ்சப் பேராக இருந்தும் அவரை உள்ளே அனுப்ப முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். “பேர்” என்ற சொல்லை அழித்துவிட்டு “வாக்கு” என்று எழுதினேன். உற்றுப் பார்த்தால் அழித்த தடம் தெரியும்.

அவர் சொன்னது மூளையில் ஏறியது. கண்ணுக்குத் தெரிந்தது கீழ் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) அம்மாயியின் இஸ்தோப்பில், அதாவது வராந்தாவில். எழுபதைத் தாண்டியவர், இன்னும் கொழுந்துக் கூடையின் கயிறு அழுத்திய தழும்பு நெற்றியில் இருக்கிறது. 1977 ஜூலை 21 அன்றுதான் அவர் முதன்முதலாக வாக்களித்தார். கணவருக்கு 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அக்காள் குடும்பம் இந்தியாவுக்குப் பேர் போட்டுப் போய்விட்டது. அந்த ஒப்பந்தம் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பிரித்ததைப் படித்தபோது அது வெறும் கணக்கு. அம்மாயி சொன்னபோது அது ஒரே காம்பராவில் வளர்ந்த இரண்டு அக்கா தங்கைகள். தேர்தலுக்கு முந்தின வாரம் தோட்டத் தலைவர் லயத்துச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டுக் காட்டிக்கொடுத்தாராம். எப்படி என்று கேட்டேன். தேத்தண்ணிக் கோப்பையில் விரலை நனைத்து, சீமெந்துத் தரையில் கட்டம் கட்டமாகக் கீறினார். ஒரு கட்டத்துக்கு எதிரே மட்டும் மூன்று புள்ளடி, ஒன்றன்பின் ஒன்றாக. “பிரிச்சுப் போட்டுறாதீங்கன்னு சொன்னாங்க. நான் பிரிக்கல.” படமெடுக்கலாம் என்று போனை எடுப்பதற்குள் வெயிலில் காய்ந்துவிட்டது. இன்னொரு தடவை கீறச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வேறு தொழிற்சங்கத்தைச் சேர்ந்த அண்ணனுக்கும் நன்றி சொல்ல வேண்டும், அவர் சிரித்தாலும் பரவாயில்லை. “எல்லா அரசாங்கத்திலயும் மந்திரியா இருந்தாரே, அதையும் எழுதுறியா?” என்று சண்டைக்கே வந்தார். எழுதினேன். 1972இல் செல்வநாயகத்தோடும் பொன்னம்பலத்தோடும் தமிழர் கூட்டணியின் மூன்று தலைவர்களில் ஒருவர். தனிநாட்டுத் தீர்மானம் வந்தபோது விலகி நின்றார். 1978இல் ஜே. ஆர். ஜயவர்த்தனவின் அமைச்சரவையில் சேர்ந்தார். 1994இல் ஐ.தே.க.வோடு நின்றுவிட்டுப் பிறகு சந்திரிகா குமாரதுங்கவின் அரசில் அமைச்சரானார். அதே 1994இல் சுயேச்சையாக வென்ற இன்னொரு மலையகத் தலைவர் சந்திரசேகரனின் ஒற்றை ஆசனம்தான் சந்திரிகாவுக்குப் பெரும்பான்மையை எட்டக் கொடுத்தது என்பதையும் அண்ணன் கேட்டபடி ஓரமாகச் சேர்த்திருக்கிறேன். என் எண்ணத்தைக் கேட்டால், உள்ளே இருந்ததால்தான் 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் வரை பிரஜாவுரிமை விஷயத்தை இழுத்துக்கொண்டு போக முடிந்தது. அண்ணன் இதை ஒப்புக்கொள்ளமாட்டார். இருந்தாலும் மட்டைக்கு வார்னிஷ் பூசியது அவர்தான்.

பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்த 1982 சர்வசன வாக்கெடுப்பால் 1977க்கும் 1989க்கும் இடையில் பொதுத் தேர்தலே நடக்காததை நான் கவனிக்கவே இல்லை. ஒரு மட்டையை வெறுமையாக ஒதுக்கி வைத்திருந்தேன். அதைக் கண்டுபிடித்தவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். அவனுக்கு ஒரு பேனா கடன்.

ஒரு பழைய பட்டியல் வேண்டி ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை அலைந்தேன். முதல் நாள் ஆள் இல்லை, இரண்டாம் நாள் திறப்பு (சாவி) இல்லை, மூன்றாம் நாள் அந்தப் பட்டியலே இல்லை. மூன்று நாளும் அரைக் காசு வாங்காமல் ஆட்டோ ஓட்டியவர் நம் ஸ்டோர் சந்தித் தம்பி. அப்புறம், கூரை ஒழுகி 1960 மட்டை நனைந்த இரவில் அதை அடுப்படியில் வைத்து உலர்த்தி, எழுத்து கரையாமல் காப்பாற்றியது என் மனைவி. இது வெளியே தெரியக் கூடாது என்றாள். தெரியட்டும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் உண்டியல் வைத்து மட்டைக்கும் மரச்சட்டத்துக்கும் காசு சேர்த்த பெண்கள் அத்தனை பேருக்கும் நன்றி. மிச்சக் காசில் கூரைக்கு இரண்டு தகரம் வாங்கியாயிற்று. யாரிடமாவது பழைய தேர்தல் துண்டுப்பிரசுரம் இருந்தால் ஒரு நாளைக்கு இரவல் தாருங்கள், பிரதியெடுத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.

ஸ்டோரில் இரவல் வாங்கிய ஏணி இன்னும் வாசிகசாலைக்குள்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து சேர்க்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அன்புடன்,
வாசிகசாலைப் பொறுப்பாளர்