பூண்டு வரைந்த ராத்திரி

கொடைக்கானல்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ அழுததிலிருந்து எனக்குக் கை வேலை ஓடவில்லை. "ஃபிசிக்ஸே எடுத்திருக்கலாம்மா, அது படிச்சாலாவது வரும்" என்றாய். அப்போது என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நீ ஓவியப் படிப்பில் சேர்ந்தபோது, "போகட்டும், சுலபமான படிப்பு, பிள்ளை கஷ்டப்படாமல் படிக்கும்" என்று சித்தியிடம் சொன்னது நான்தான். பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவளுக்குக் கஷ்டம் என்றாலே வெக்டரும் தொகை நுண்கணிதமும்தான். ரிவிஷன் டெஸ்ட் நெருங்கினால் ஓவிய பீரியடைக் கேட்டு வாங்கிக்கொள்வேன். பகுதிநேர ஆசிரியர் அவர், வாரத்தில் மூன்று அரை நாள்தான் வருவார். அதிலும் நான் கை வைத்தால் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இப்போது அது உறுத்துகிறது.

நேற்று ராத்திரி தூக்கம் வரவில்லை. அடுப்படி மேஜையில் பூம்பாறை மலைப்பூண்டு கிடந்தது. நீ விட்டுப்போன 4பி பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வட்டம், காம்பு, பல் பிரிகிற கோடுகள். ஒவ்வொரு கோடும் சரியாகத்தான் இருந்தது, ஆனால் தாளில் வெங்காயம் உட்கார்ந்திருந்தது. அழித்தேன். பூண்டும் வெள்ளை, தாளும் வெள்ளை, எதை வைத்துக் காட்டுவது? சுற்றிலும் இருட்டைப் போட்டால்தான் வெள்ளை எழுந்து வரும் என்று புரியவே ஒரு மணி நேரமானது. மூன்றாவது தாளில்தான் அந்த மெல்லிய தோல் காம்புப் பக்கம் சுருங்குகிறதைக் கண்ணால் பார்த்தேன். இருபது வருஷமாகப் பூண்டு உரிக்கிறேன், அதுவரை பார்த்ததில்லை.

கணக்கில் விடை தப்பினால் மேலிருந்து வரி வரியாக வருவேன். எங்காவது மைனஸ் பிளஸாகியிருக்கும், திருத்தினால் தீர்ந்தது. பொதுத்தேர்வில் விடை தப்பினாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. பூண்டில் தப்பை எந்த வரியில் தேடுவேன்? முடிந்ததா இல்லையா என்பதைக்கூட நானேதான் சொல்ல வேண்டியிருந்தது. நீ தினமும் இதைத்தான் செய்கிறாய்.

அதற்காகக் கணக்கைச் சுலபம் என்று சொல்ல மாட்டேன். மன்னவனூரிலிருந்து பஸ் ஏறி வருகிற என் பிள்ளைகள் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்குக் கரை தெரிகிறது: ஒரு புத்தகம், 90 மார்க்குக்கு ஒரு தாள், இருபது தடவை போட்டால் பழகுகிற கை. உனக்குக் கரை கண்ணில் படவில்லை. அதனால்தான் பயம், உனக்கு வராது என்பதால் இல்லை.

எட்டாவது படிக்கும்போது என் வகுப்போடு சூரிய ஆய்வகத்துக்கு வந்தாயே, நினைவிருக்கிறதா? அங்கே வேலை பார்த்த விஞ்ஞானி எவர்ஷெட் 1909-இல், சூரியன்மேல் கறுப்பாகத் தெரிகிற சூரியப் புள்ளியில் வாயு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டதை நான் விளக்கிக்கொண்டிருந்தேன். நீ மட்டும் கையால் வரைந்த சூரியப் படத்தின் முன்னாலேயே நின்றாய். கட்டம் போட்ட வட்டத்தில், புள்ளிக்கு ஒரு நிறம், பிழம்புக்கு ஒரு நிறம். "கோடு எவ்வளவு மெல்லிசு பாரும்மா" என்றாய். நான் "சரி, வா" என்று கையைப் பிடித்து இழுத்தேன். தலைமுறை தலைமுறையாக அப்படி வரைந்து வைத்திருக்கிறார்கள். ஒரு புள்ளி இடம் தவறினால் அந்த நாளின் கணக்கே தவறும். அன்றைக்கு நான் உன் பக்கத்தில் நின்று பார்த்திருக்க வேண்டும்.

ஃபிசிக்ஸுக்கே மாற வேண்டும் என்று நிஜமாகத் தோன்றினால் சொல், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஆனால் சுலபமானதுகூட எனக்கு வரவில்லையே என்று மட்டும் நினைக்காதே கண்ணு. சுலபம் என்று சொன்னது நான், அது தப்பு.

வியாழக்கிழமை பீரியடை இனிக் கேட்க மாட்டேன் என்று நாளைக்கு அந்த ஓவிய சாரிடம் சொல்லப்போகிறேன். பார்சலில் நாலு பூண்டு வைத்திருக்கிறேன், நான் வரைந்த தாளும் இருக்கிறது. வலப்பக்கம் இரண்டாவது பல்லுக்குக் கீழே என்னவோ சரியில்லை, எனக்குப் பிடிபடவில்லை. பார்த்துவிட்டுப் போன் பண்ணு.

அம்மா