மே மாதம் வரும்போது ஒரு நாள் டல்விச்சுக்கு

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். முதல் நாள் நேஷனல் கேலரி, மறுநாள் பிரிட்டிஷ் மியூசியம், அதற்கடுத்த நாள் டேட் கலைக்கூடம். மாப்பிள்ளை ஆசைப்படுகிறார், சரி. ஆனால் நாலு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இத்தனையையும் எப்படிப் பார்ப்பீர்கள்? நேஷனல் கேலரியில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் ஓவியங்கள். நாலாவது அறையிலேயே குட்டி தரையில் உட்கார்ந்துவிடுவான். யார் தூக்குவது என்று நீங்கள் இருவரும் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருப்பீர்கள். அதில் ஒரு நாளை எனக்குக் கொடு. தெற்கு லண்டனில் இருக்கிற டல்விச் ஓவியக் கூடத்துக்குப் போகலாம். விக்டோரியாவில் ரயில் ஏறினால் வெஸ்ட் டல்விச் கால் மணி நேரம்தான். அப்புறம் கொஞ்சம் நடை.

அந்தக் கூடம் உண்டான கதையே விசித்திரமானது. போலந்து மன்னர் ஸ்டானிஸ்வாவ் ஆகஸ்ட் தன் நாட்டுக்கென்று ஓர் ஓவியச் சேகரிப்பு வேண்டும் என்று 1790-ல் லண்டன் ஓவிய வியாபாரிகள் இருவரிடம் பொறுப்பைக் கொடுத்தார். ஒருவர் நோயல் டெசன்ஃபான்ஸ், இன்னொருவர் அவருடைய கூட்டாளி ஃபிரான்சிஸ் பூர்ஷ்வா. இவர்கள் படம் வாங்கிச் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. 1795-ல் நாடும் இல்லை, அரியணையும் இல்லை. வாங்கிய படங்கள் மட்டும் இவர்கள் தலையில். ரஷ்ய ஜார், பிரிட்டிஷ் அரசு என்று யார் யாரிடமோ கேட்டுப் பார்த்தும் மொத்தமாக வாங்க ஆளில்லை. டெசன்ஃபான்ஸ் 1807-ல் இறந்தார். 1811-ல் குதிரையிலிருந்து விழுந்து பூர்ஷ்வாவும் போனார். போகும்முன் படங்களை டல்விச் கல்லூரிக்கு எழுதிவைத்துவிட்டார், பொதுமக்களும் பார்க்க வேண்டும் என்று சொல்லி. கட்டடத்தைக் கட்டடக் கலைஞரான நண்பர் ஜான் சோன் கட்ட வேண்டும் என்பதும் அவர் விருப்பம்தான்.

1817-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். வெளியே பார்த்தால் சாதாரணச் செங்கல் கட்டடம், பழைய பள்ளிக்கூடமோ என்று தோன்றும். உள்ளே போனதும் முதலில் கூரையைப் பார். சுவரில் ஜன்னல் வைக்காமல் வெளிச்சத்தை எல்லாம் மேலே இருந்தே இறக்கியிருக்கிறார் சோன். அதனால் சுவர் முழுவதும் படம் மாட்ட இடம் கிடைத்தது, ஓவியத்தின் மேல் கண் கூசுவதும் குறைந்தது. மேகம் நகர்ந்தால் அறையின் நிறமே மாறும். பிறகு வந்த எத்தனையோ கூடங்கள் இதைப் பார்த்துத்தான் கட்டப்பட்டன.

இரு நண்பர்களையும் டெசன்ஃபான்ஸின் மனைவி மார்கரெட்டையும் அங்கேயே ஒரு கல்லறை அறையில் வைத்திருக்கிறார்கள். மஞ்சள் கண்ணாடி வழியே வெளிச்சம் வரும் சின்ன அறை. 1944-ல் ஜெர்மன் பறக்கும் குண்டு விழுந்து அந்த அறை சிதறியது. எலும்புகள் புல்வெளியெங்கும் கிடந்தனவாம். பொறுக்கித் திரும்ப வைத்துவிட்டார்கள், எது யாருடையது என்றுதான் தெரியாது. இதைக் குட்டியிடம் சொல்லிவிடாதே, அன்று இரவு நமக்குத் தூக்கம் போய்விடும்.

எல்லாப் படத்தையும் பார்க்க வேண்டாம். டச்சு ஓவியர் ரெம்ப்ராண்ட்டின் இரண்டு போதும். ஒன்று, 1645-ல் வரைந்த ஜன்னலோரச் சிறுமி. கல் விளிம்பில் சாய்ந்து, ஒரு கையைக் கழுத்துச் சங்கிலியில் வைத்துக்கொண்டு நம்மையே பார்ப்பாள். கிட்டப் போய் மூக்கு நுனியைப் பார், ஒரே ஒரு தீற்றல் வெளிச்சம். வெள்ளைச் சட்டையின் மடிப்பில் வண்ணம் அப்பியது அப்பியபடி இருக்கிறது. நாலடி பின்னால் வந்தால் அதுவே துணியாகிவிடுகிறது.

இன்னொன்று யாக்கோப் டெ ஹெய்ன் என்பவரை வரைந்த உருவப்படம், 1632. ஒரு சாண் அகலம், அதைவிடச் சற்றுக் கூடுதல் உயரம், அவ்வளவுதான். அந்தச் சிறிய அளவே அதற்கு வினை. நான்கு முறை திருடு போயிருக்கிறது. டாக்சியில், சைக்கிளில், கல்லறைத் தோட்டத்துப் பெஞ்சுக்கு அடியில், ஜெர்மனியில் ஒரு ரயில் நிலையத்தில் என்று ஒவ்வொரு முறையும் எங்கிருந்தாவது திரும்பி வந்துவிட்டது. இதற்கு ஒரு ஜோடிப் படம் உண்டு, ஹெய்னின் நண்பர் ஹைகன்ஸுடையது. முதலில் இறப்பவர் தன் படத்தை மற்றவருக்கு விட்டுச்செல்வது என்று ஏற்பாடு. ஹெய்ன் முந்திக்கொண்டார், படங்கள் சேர்ந்தன. இன்று ஹைகன்ஸ் ஹாம்பர்க்கில், இவர் இங்கே. எனக்கு அது பிடிக்கவில்லை. ஓர் ஆறு மாதமாவது மாற்றி மாற்றி ஒன்றாக மாட்டினால் என்ன?

வெளியே வந்தால் சாலைக்கு எதிர்ப்புறம் டல்விச் பூங்கா. கல்லூரி கொடுத்த வயல்வெளியில் 1890-ல் திறந்தது. வரப்போரம் நின்ற ஓக் மரங்கள் சில பூங்காவைவிட வயதில் பெரியவை. நீ வருகிற மே மாதத்தில்தான் ரோடோடென்ட்ரானும் அசேலியாவும் பூத்துக் கொட்டும். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மனைவி மேரி மகாராணி இதற்காகவே வந்துகொண்டிருந்தார், ஒரு வாசலுக்கு அவர் பெயர்தான்.

ஏரிப் பக்கம் பார்பரா ஹெப்வொர்த்தின் பெரிய வெண்கலச் சிற்பம் ஒன்று 1970-லிருந்து நின்றது. 2011 டிசம்பரில் ஓர் இரவு பீடத்திலிருந்து அறுத்துக் கொண்டுபோய்விட்டார்கள். உலோக விலைக்காக உருக்கியிருப்பார்கள் என்பது பேச்சு. கைக்கடக்கமான ரெம்ப்ராண்ட் நாலு முறை திரும்பி வந்தது, ஆளுயரத்துக்கும் மேலான வெண்கலம் வரவே இல்லை. ஓவியத்தைத் திருடியவனுக்கு அதை ஓவியமாக விற்க வேண்டும், அதனால் பத்திரமாக வைத்திருந்தான். இவர்களுக்குக் கிலோ கணக்கு போதும். அதற்குப் பதிலாக 2015-ல் கான்ராட் ஷாக்ராஸ் செய்த வளையங்கள் வந்தன, வார்ப்பிரும்பில். பழைய இரும்புக்காரர் அதற்கு என்ன பெரிதாகக் கொடுத்துவிடப் போகிறார்! பிள்ளைகள் ஏறி உட்கார்ந்து விளையாடுகிறார்கள். குட்டியையும் ஏற்றிவிடலாம்.

திங்கட்கிழமை கூடம் திறப்பதில்லை, அதனால் செவ்வாயோ புதனோ என்று மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல். நேஷனல் கேலரி போல இலவசம் இல்லை, டிக்கெட்டை நான் எடுத்துவிடுகிறேன். ஏரியோரம் சேறாக இருக்கும், குட்டிக்கு ரப்பர் பூட்ஸை மறக்காமல் எடுத்து வை.

அன்புடன்,
அம்மா