துணைவேந்தர் வகுப்பறைக்கு வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

புதிய பருவம் தொடங்கும் இந்நாள்களில், பல்கலைக்கழகத் தொடக்க விழாச் செய்திகளையும் மேடையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர்களின் படங்களையும் நாளிதழ்களில் பார்க்கிறோம். விழா நடத்துவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் விழா முடிந்ததும் துணைவேந்தர் நிர்வாகக் கட்டடத்துக்குள் சென்றுவிட, பட்டமளிப்பு விழா வரை மாணவர்கள் அவரை நேரில் காணாத நிலையே பல இடங்களில் நீடிக்கிறது. பல்கலைக்கழக ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில், இதுகுறித்து என் கருத்தைத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

துணைவேந்தர் பொறுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பல்லாண்டுகள் வகுப்பறையில் பாடம் நடத்தியவர்கள். பொறுப்பேற்ற பிறகு ஆட்சிக்குழுக் கூட்டம், நிதிக்குழுக் கூட்டம், நீதிமன்ற வழக்குகள், அரசுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைகள் என அவர்களுடைய நாள் முழுவதையும் கோப்புகளே எடுத்துக்கொள்கின்றன. அந்தச் சுமையை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆயினும் கோப்பில் வரும் எந்தச் செய்தியும் பல கை மாறித்தான் வருகிறது. விடுதியில் தண்ணீர் வரவில்லை என்ற புகார், விடுதிக் காப்பாளரிடமிருந்து பொறியாளர் பிரிவுக்கும் அங்கிருந்து பதிவாளர் அலுவலகத்துக்கும் சென்று துணைவேந்தரின் மேசையை அடையும்போது, ‘பராமரிப்புப் பணி நடைபெற்று வருகிறது’ என்ற ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது. காலை வகுப்புக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில், வாளியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறும் மாணவியை அந்த வரியில் பார்க்க முடியாது.

பருவத்தின் முதல் சில வாரங்களை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. மாணவர்கள் படிப்பைப் பாதியில் கைவிடுவது பற்றி ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் வின்சென்ட் டின்டோ, ஒரு மாணவர் கல்வியிலும் வளாகத்தின் சமூக வாழ்விலும் எந்த அளவுக்கு ஒன்றிப்போகிறார் என்பதைப் பொறுத்தே அவர் தொடர்ந்து படிப்பாரா, விலகிவிடுவாரா என்பது பெரிதும் அமைகிறது என்று 1975-இல் எழுதினார். புதிதாகச் சேர்ந்தவருக்கு அந்த ஒன்றுதல் தொடங்குவதும் தடைபடுவதும் இந்த வாரங்களில்தான். சான்றிதழ்களை நெகிழி உறையில் போட்டு நெஞ்சோடு அணைத்தபடி நிற்கும் முதலாண்டு மாணவரை ஓர் அலுவலகச் சாளரம் இன்னொரு சாளரத்துக்கு அனுப்ப, அங்கே ‘நாளை வா’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், இந்த நிறுவனம் தன்னை எப்படி நடத்தும் என்ற முடிவுக்கு அவர் அன்றைக்கே வந்துவிடுகிறார். அந்த வரிசையின் ஓரத்தில் துணைவேந்தர் கால் மணி நேரம் நின்றாலே, எந்த அறிக்கையும் தராத தெளிவு அவருக்குக் கிடைக்கும்.

பல்கலைக்கழகத் தலைமையும் மாணவர்களும் எப்போதுமே இவ்வளவு விலகி இருந்ததில்லை. இடைக்காலத்தில் இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களே தங்களுள் ஒருவரை ரெக்டராக, அதாவது தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். வகுப்பைத் தாமதமாகத் தொடங்கிய ஆசிரியர் அபராதம் கட்ட வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்தின் பழைய பல்கலைக்கழகங்களில் ரெக்டரைத் தேர்ந்தெடுப்பதில் மாணவர்களுக்கு வாக்குரிமை இன்றும் உண்டு. எடின்பரோவில் 1972-இல் மாணவராக இருக்கும்போதே அப்பதவிக்குத் தேர்வான கோர்டன் பிரவுன், பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமரானார். அந்த முறையை எங்கும் அப்படியே கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மாணவர்களுக்கு முகம் தெரிந்தவராக இருப்பது தலைமைப் பதவியின் மதிப்பைக் குறைத்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

துணைவேந்தர் வளாகத்துக்குள் வருவதிலும் ஒரு முறை வேண்டும். வருகை முந்தைய நாளே சுற்றறிக்கையாகிவிட்டால், எரியாத விளக்குகள் இரவோடு இரவாக மாற்றப்படும், ஆய்வகத்தில் பூட்டிவைத்த கருவிகள் மேசைக்கு வரும், கேள்வி கேட்கக்கூடிய மாணவர்கள் பின்வரிசைக்குப் போவார்கள். ஆகவே முன்னறிவிப்பும் பரிவாரமும் புகைப்படக்காரரும் இல்லாமல் அவர் நூலகத்துக்கும் விடுதிக்கும் செல்ல வேண்டும். அதே வேளையில், மாணவர்கள் முன்னிலையில் விடுதிக் காப்பாளரையோ எழுத்தரையோ கடிந்துகொள்வதும், நின்ற இடத்திலேயே உத்தரவு போடுவதும் கூடாது. அப்படிச் செய்தால் அவர் வருகை உளவு பார்ப்பதாகிவிடும். ஊழியர்கள் அடுத்த முறை உண்மையை மறைப்பார்கள். கேட்டுக்கொண்டு, குறித்துக்கொண்டு, உரிய அலுவலரிடம் பேசுவதே முறை.

எல்லாவற்றையும்விட நான் விரும்புவது, துணைவேந்தர் முதலாண்டு மாணவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரமாவது தம் துறைப் பாடத்தை நடத்த வேண்டும் என்பதே. சிறப்புரை இதற்கு ஈடாகாது. கால அட்டவணையில் இடம்பெற்ற, வருகைப்பதிவு எடுக்கும், விடைத்தாள் திருத்தும் வகுப்பாக அது இருக்க வேண்டும். ஒலிவாங்கி இரைவதும், பின்வரிசைக்குக் கரும்பலகை தெரியாமல் இருப்பதும், பாடநூலுக்கு நூலகத்தில் போதிய படிகள் இல்லாததும் அப்போது அவருக்கே நேரடி அனுபவமாகிவிடும். கூட்டம் குறுக்கிட்டு ஒரு வகுப்பை நடத்த முடியாமல் போனால், அதற்கு ஈடான வகுப்பை, மற்ற ஆசிரியர்களைப் போலவே அவரும் எடுக்கட்டும்.

இந்த வருகைகளிலும் வகுப்புகளிலும் மாணவர்கள் முன்வைக்கும் குறைகளுக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, எது முடியாது, ஏன் முடியாது என்பதை முதல் மாத முடிவுக்குள் துணைவேந்தரின் கையொப்பத்துடன் ஒவ்வொரு துறையின் அறிவிப்புப் பலகையிலும் வெளியிட வேண்டும் எனப் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர்