அப்பாவுக்கு அந்தப் பவுடர் வேண்டாம்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள கண்ணா,

பார்சல் வந்தது. நீ அனுப்பிய எல்-ஆர்ஜினைன் (புரதத்தில் இருக்கும் ஓர் அமினோ அமிலம்) பவுடர் டப்பாவை அப்பா அப்போதே பிரிக்கப் போனார், நான் வாங்கி உள்ளே வைத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. உன் அக்கறை எனக்குத் தெரியாதா? ஆனால் இத்தனை வருஷம் மருந்துக்கடையில் நின்றவள் நான். ஹார்ட் அட்டாக் வந்த அவருக்கு இதைக் கொடுக்க மனசு வரவில்லை.

நீ போனில் சொன்னது சரிதான். ஆர்ஜினைனிலிருந்துதான் உடம்பு நைட்ரிக் ஆக்சைடு தயாரிக்கிறது, அது ரத்தக்குழாயை விரியவைக்கிறது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 1998-ல் நோபல் பரிசே கிடைத்தது. அப்படியானால் அட்டாக் வந்தவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். அமெரிக்காவில் டாக்டர்கள் அதைச் செய்தே பார்த்தார்கள். முதல் அட்டாக் வந்த 153 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான மருந்தோடு ஆர்ஜினைன், தினம் 9 கிராம் வரை. மறு பாதிக்கு அதே வழக்கமான மருந்தோடு, ஆர்ஜினைன் இல்லாத வெறும் மாத்திரை. ஆறு மாதம் கழித்து இதயத்தின் பம்பிங் கூடவில்லை, ரத்தக்குழாயின் விறைப்பும் குறையவில்லை. ஆர்ஜினைன் சாப்பிட்டவர்களில் 6 பேர் இறந்தே போனார்கள். மறுபக்கம் ஒருவர்கூட இல்லை. மேற்கொண்டு ஆள் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். 2006-ல் வெளிவந்த முடிவு இது.

சின்ன ஆய்வுதான், தற்செயல் என்றும் சிலர் சொல்லலாம். பலன் இல்லை என்று தெரிந்த ஒன்றுக்காக உன் அப்பாவை வைத்துச் சோதித்துப் பார்க்க நான் தயாரில்லை.

இன்னொன்று. பிரஷர் மாத்திரை ஒரு பக்கம், அவசரத்துக்குச் சட்டைப்பையில் சார்பிட்ரேட் ஒரு பக்கம். அதுவும் குழாயை விரிக்கிற மருந்துதான். இதன்மேல் உன் பவுடரும் சேர்ந்தால் பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிடக்கூடும். இப்போதே ஃபைவ் கார்டன்ஸில் நடந்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், எழும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கிறார். இன்று காலை பிரஷர் 104/66தான்.

ஆர்ஜினைன் சாப்பாட்டிலேயே கிடைக்கிறது. வேர்க்கடலையில் நிறைய உண்டு. உப்பில்லாமல் வேகவைத்து சாயந்திரம் ஒரு கைப்பிடி கொடுக்கிறேன், விரும்பிச் சாப்பிடுகிறார்.

ஏதாவது அனுப்பியே ஆகவேண்டும் என்றால், பிரஷர் மிஷினின் கைப்பட்டை லூஸாகிவிட்டது, புதிதாக ஒன்று அனுப்பு. அப்புறம், கொலஸ்ட்ரால் மாத்திரையை வேண்டாம் என்று முரண்டு பிடிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது நீயே அதட்டிச் சொல். நான் சொன்னால் எங்கே கேட்கிறார்?

அன்புடன்,
அம்மா