போட்ஸ்வானாவில் வீசியது அலை இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கட்சிகளைப் பற்றி ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தென்னாப்பிரிக்காவில் விடுதலைப் போராட்டக் கட்சியான ஏ.என்.சி. பெரும்பான்மையை இழந்தது, மொசாம்பிக்கில் தேர்தலுக்குப் பிறகு நடந்த கலவரம் எல்லாம் விரிவாகவே இருந்தது. ஆனால் போட்ஸ்வானாவைக் கடைசிப் பத்தியில் திணித்து, 2024 தேர்தலில் அங்கே தோற்ற ஆளுங்கட்சியும் ஒரு விடுதலைப் போராட்டக் கட்சி, அதை மக்கள் அலை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று முடித்துவிட்டார் கட்டுரையாளர். கொஞ்ச காலம் அந்த நாட்டின் தலைநகர் காபரோனில் கணக்குப் பிள்ளையாக வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டுமே சரியில்லை.

முதலில், தோற்றுப்போன போட்ஸ்வானா ஜனநாயகக் கட்சி (சுருக்கமாக பி.டி.பி.) யாரையும் எதிர்த்துத் துப்பாக்கி தூக்கிய கட்சி இல்லை. பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த நாடு அது. பேச்சுவார்த்தை நடத்தி 1966 செப்டம்பர் 30 அன்று சுதந்திரம் வாங்கியது. கட்சியைத் தொடங்கிய செரெட்சே காமா, பாமங்வாட்டோ இன மக்களின் தலைமைப் பதவிக்கு உரியவராகப் பிறந்தவர். நாட்டுப்புற ஓட்டு கொத்தாக விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கட்சியின் சின்னம் என்ன தெரியுமா? கார் ஜாக்கி! டயர் மாற்றும்போது வண்டியைத் தூக்குவோமே, அதேதான். அங்கே உள்ளவர்கள் கட்சியையே 'டோம்க்ராக்' என்று, ஜாக்கியின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

58 வருடம் ஒரே கட்சி ஆண்டது என்றதும் இங்கே எல்லோரும் கள்ள ஓட்டு, அடக்குமுறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. தேர்தல் தவறாமல் நடந்தது, எதிர்க்கட்சிகள் வாய்க்கு வந்தபடி பேசின. ஊருக்கு ஒரு பொட்டல் வெளி இருக்கும், 'ஃப்ரீடம் ஸ்கொயர்' என்பார்கள். வார இறுதியானால் பிக்கப் வண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வந்து மணிக்கணக்கில் திட்டுவார்கள், கேட்க நன்றாகவே இருக்கும். என்ன, ஊர்த் தலைவர் முன்னால் கூடும் 'கோட்லா' சபையில் மட்டும் கட்சி அரசியல் பேசக்கூடாது. ஆனால் அமைச்சர் என்று சொல்லிக்கொண்டு வருபவர் அங்கே தாராளமாகப் பேசலாம், அரசுத் திட்டம்தானே! எதிர்க்கட்சிகளுக்கு இதில் தீராத வயிற்றெரிச்சல். போதாததற்கு, கட்சிகளுக்கு அரசு நிதியும் கிடையாது. ஆளுங்கட்சிக்கு எப்படியோ பணம் வந்துவிடும், மற்றவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் எதிர்க்கட்சிகளின் சண்டை. 1994 தேர்தலில் 40 தொகுதிகளில் 13 இடங்களைப் பிடித்து போட்ஸ்வானா தேசிய முன்னணி எழுந்து நின்றது. நாலே வருடத்தில் கட்சி உடைந்து, 11 எம்.பி.க்கள் வெளியே போய் போட்ஸ்வானா காங்கிரஸ் கட்சியை ஆரம்பித்தார்கள். 1999 தேர்தலில் தாய்க்கட்சிக்கு 6, போனவர்களுக்கு 1. மீதி 33 இடமும் ஜாக்கிக்கு. அங்கேயும் நம்மைப் போலவே தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவர்தான் ஜெயிப்பார், ஆகவே ஓட்டுப் பிரிந்தால் யாருக்கு லாபம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. 2014-இல் பி.டி.பி. பாதி ஓட்டுக்கூட வாங்கவில்லை, ஆனாலும் 57-இல் 37 இடங்கள்.

2024 அக்டோபரில் நடந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். டூமா போகோவின் 'ஜனநாயக மாற்றத்துக்கான குடை' கூட்டணி சுமார் 37 சதவீத ஓட்டில் 61-இல் 36 இடங்களைப் பிடித்தது. பி.டி.பி. சுமார் 30 சதவீதம் வாங்கி ஓட்டில் இரண்டாவதாக வந்தது, இடங்களில் நாலாவது. வெறும் 4 பேர். சுமார் 21 சதவீதம் வாங்கிய காங்கிரஸ் கட்சிக்கு 15. ஓட்டுப் போட்டவர்களில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் வேறு யாருக்கோ போட்டிருக்கும்போது, இந்தக் கூட்டணியின் வெற்றியை அலை என்று எப்படிச் சொல்வது? இத்தனை காலம் ஜாக்கியைத் தூக்கிவிட்ட அதே முறை இந்தத் தடவை கீழே இறக்கிவிட்டது, அவ்வளவுதான்.

இந்தத் தடவை மட்டும் ஏன் என்றால், உட்கட்சிப் பகை. செரெட்சேயின் மகன் இயன் காமா பத்து வருடம் அதிபராக இருந்துவிட்டு 2018-இல் தன் துணை அதிபர் மசிசியிடம் நாற்காலியைக் கொடுத்தார். ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, இருவருக்கும் முட்டிக்கொண்டது. 2019-இல் காமா அப்பா தொடங்கிய கட்சியை விட்டே வெளியேறி, புதிதாக வந்த தேசபக்த முன்னணிக்குப் பக்கபலமாக நின்றார். அப்புறம் அவர்மீது வழக்கு, தென்னாப்பிரிக்காவில் சில வருட வாசம், தேர்தலுக்கு முந்தைய மாதம் திரும்பி வந்து பிரசாரம். காமா குடும்பத்தின் ஊரான செரோவே பக்கம் பி.டி.பி.யின் கோட்டை 2019 தேர்தலிலேயே சரியத் தொடங்கியிருந்தது. இன்னொரு பக்கம் நாட்டின் முக்கிய வருமானமான வைரத்துக்கு உலகச் சந்தையில் கிராக்கி குறைந்து ஏற்றுமதி படுத்துவிட்டது, வேலையில்லாதவர்கள் நாலில் ஒருவருக்கும் மேல். குறைந்தபட்சச் சம்பளம் 4,000 புலா (அந்த நாட்டுப் பணம்) என்று போகோ சொன்னால் இளைஞர்கள் கேட்கத்தானே செய்வார்கள்.

கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. முழு முடிவுகள் வருவதற்கு முன்பே மசிசி தோல்வியை ஒப்புக்கொண்டார், நவம்பர் 1-ஆம் தேதியே போகோ அதிபராகப் பதவி ஏற்றுவிட்டார். அதே வாரங்களில் மொசாம்பிக் தெருக்களில் என்ன நடந்தது என்று உங்கள் கட்டுரையிலேயே இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம்.

பி.டி.பி.யின் கதை முடிந்தது என்றும் அவசரப்பட்டு எழுத வேண்டாம். ஏழு சதவீத வித்தியாசத்தில்தான் தோற்றிருக்கிறது. 2029-க்குள் காமா ஆட்களோடு சமாதானமாகப் போகிறதா, குடைக்குள் இருக்கும் கட்சிகள் பழைய வழக்கப்படி அடித்துக்கொள்கின்றனவா என்பதை உங்கள் வெளிநாட்டுப் பக்கத்தில் தொடர்ந்து போட்டால் படிக்க என்னைப் போல நாலு பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு வாசகர்